பணம் வரும்போது எஸ்டிமேட் தயாரா? கொங்குக் குளங்களும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நெருக்கடிக் காலத்தில் அரசு ஒதுக்கும் பணம் வேகமாக வரும், வேகமாகச் செலவாகவும் வேண்டும். கோப்பு கேட்கும் வாரத்தில் யார் மேசையில் நில ஆவணமும் லெவலும் (தரைமட்ட அளவு) எஸ்டிமேட்டும் தயாராக இருக்கின்றனவோ, பணம் அங்கேதான் போகும். சாலைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் அந்தக் கோப்பு எந்த நேரமும் தயார். குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால், கரை மரம், மேய்ச்சல் நிலம், பொதுப் பூங்கா ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு அழகான கணினிப் படம் மட்டுமே இருக்கும். கொங்கு வட்டாரத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களுக்கு (நிலவடிவமைப்பாளர்களுக்கு) அரசு வேலை குறைவாகக் கிடைப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. திறமைக் குறைவோ ஆர்வக் குறைவோ காரணமில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் 787 பில்லியன் டாலர் மீட்புச் சட்டம் வந்தபோது, உடனே தொடங்கக்கூடிய வேலைகளே முன்னுரிமை பெற்றன. அதற்கு முன்பு, 1933 முதல் 1942 வரை அங்கே நடந்த இளைஞர் இயற்கைவளப் பாதுகாப்புப் படைத் திட்டத்தில் சுமார் 30 லட்சம் இளைஞர்கள் வேலை செய்தார்கள்; 300 கோடிக்கு மேல் மரம் நட்டார்கள். அந்த முகாம்களில் பூங்காப் பாதையையும் மண் அரிப்புத் தடுப்பையும் திட்டமிட்டவர்களில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் பலர். வேலையில்லாதவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எழுந்தபோது, ஆள் உழைப்பு அதிகமுள்ள நில வேலையைக் கணக்கோடு காட்ட அவர்களால் முடிந்தது.

இங்கே அந்தக் கட்டாயம் சில முறை வந்துபோய்விட்டது. 2020 பொதுமுடக்கத்துக்குப் பின் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசுக்குப் பரிந்துரைத்தது. 2021-ல் 100 கோடி ரூபாயில் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முறையில் அறிவிக்கப்பட்டது. நீர்நிலை சீரமைப்பு, பூங்காப் பராமரிப்பு, மரக்கன்று நடுதல் எல்லாம் அதில் அனுமதிக்கப்பட்ட வேலைகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு இறக்குமதி வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்று, மறுபடி கூலி வேலைக்கான தேவை எழுந்தது. இந்த மாதிரி நேரங்களில் நகராட்சிப் பொறியாளர் கையில் தயாராக இருப்பது பெரும்பாலும் தூர்வாரல் எஸ்டிமேட்தான்.

கோவைக் குளங்களில் நடந்தது

கோயம்புத்தூர் 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் இடம்பெற்ற 20 நகரங்களில் ஒன்று. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி, மாநிலமும் மாநகராட்சியும் அதே அளவு என்பது கணக்கு. கோவை அந்தப் பணத்தில் பெரும்பங்கைக் குளங்களில் இறக்கியது பாராட்டத்தக்க முடிவு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, குமாரசாமி, செல்வாம்பதி, கிருஷ்ணாம்பதி, குறிச்சிக் குளம் என்று ஒரே நகருக்குள் இத்தனை பழைய ஏரிகள் தொடராக இருப்பது அரிது. நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பும். ஆண்டு மழை 700 மி.மீ.க்குள் நிற்கும் ஊருக்கு, வெள்ளியங்கிரி மலை மழையைக் கொண்டுவந்து சேர்த்த அமைப்பு இது.

பணம் வந்து சேர்ந்த விதம் என்ன? கரைமேல் நடைபாதை, பேவர் பிளாக், விளக்கு, செல்ஃபி மேடை, விளையாட்டுச் சாமான், வேலி. மக்கள் மாலையில் அங்கே கூடுகிறார்கள். நகருக்குத் திறந்தவெளி கிடைத்தது உண்மை, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் குளத்தைக் குளமாக வைத்திருப்பது வாய்க்கால், கழிவுநீர்த் தடுப்பு, ஆழம் குறைந்த ஓரம், நாணல், மரம். இவற்றுக்குக் கரைக்குக் கிடைத்த கவனம் கிடைக்கவில்லை. கழிவுநீர் கலந்த குளத்தில் ஆகாயத்தாமரை இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அள்ளி அள்ளிப் போடும் செலவு மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் தொடரும். கழிவுநீரைத் திருப்பாமல் கரையை முடிப்பது வரிசை தப்பிய வேலை.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடந்ததில்லை. திட்டத்தின் அலகு அப்படி. நடைபாதையைச் சதுர மீட்டரில் அளக்கலாம், எம் புக்கில் (அளவுப் பதிவேட்டில்) ஏற்றலாம், பில் போடலாம். நாணல் ஓரத்தை எந்த ஐட்டத்தில் அளப்பது என்று பொறியாளரிடம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கலந்தாலோசகர் டெண்டரில் ஆண்டு விற்றுமுதல் நிபந்தனை பெரிதாக இருந்தால் பெரிய பொறியியல் நிறுவனங்கள்தான் உள்ளே வர முடியும். நிலவடிவமைப்பாளர் அவர்களுக்குக் கீழே துணை ஆளாக, கரையின் அகலமும் பட்ஜெட்டும் முடிவான பிறகு வருவார். அப்போது அவர் கையில் மிஞ்சுவது செடிப் பட்டியல்.

திருப்பூரில் நஞ்சராயன் குளம் வேறு வழியில் போனது. 2022-ல் மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அங்கே முதலில் வந்தது பறவைக் கணக்கும் ஊர் ஆர்வலர்களின் விடாமுயற்சியும். சட்டப் பாதுகாப்பு அடுத்து. கட்டுமானம் அதற்கும் பின்னால்தான். வரிசை மாறினால் விளைவும் மாறும் என்பதற்கு 50 கிலோமீட்டர் தூரத்திலேயே சான்று இருக்கிறது.

லம்ப்சம் என்ற ஒற்றை வரி

நகராட்சி எஸ்டிமேட் ஒன்றைப் புரட்டினால், மண் வேலைக்கு லீடு ஸ்டேட்மென்ட் (பொருள் கொண்டுவரும் தூரக் கணக்கு), கான்கிரீட்டுக்கு டேட்டா (விலைப் பகுப்பு), கம்பிக்குக் கிலோ எடை என்று பக்கம் பக்கமாக இருக்கும். கடைசிப் பக்கத்தில், விளம்பரப் பலகைக்கு மேலே, ‘மரக்கன்று நடுதல் மற்றும் அழகுபடுத்துதல், லம்ப்சம்’ என்று, அளவே இல்லாத மொத்தத் தொகையாக ஒரு வரி. குழி அளவு இல்லை, கன்றின் உயரம் இல்லை, தண்ணீர் இல்லை. செலவு கூடினால் முதலில் வெட்டப்படுவதும் இந்த வரிதான். வெட்டப்படாவிட்டால் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் நர்சரியில் எது கிடைக்கிறதோ அது நடப்படும். சித்திரை வெயிலில் காயும்.

இதை உடைக்க ஒரே வழி, அந்த வரியை அளக்கக்கூடிய ஐட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டேட்டா எழுதிப் பொறியாளரிடம் கொடுப்பது. மத்தியப் பொதுப்பணித் துறை தோட்டக்கலைக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. முன்னுதாரணமாக அதைக் காட்டலாம். மாநில விலைப்பட்டியலில் இல்லாத ஐட்டத்துக்கு மூன்று நர்சரி விலைப்புள்ளி இணைக்க வேண்டும். கன்றுக்கு எண்ணிக்கை மட்டும் போதாது: உயரம், தரையிலிருந்து 10 செ.மீ. மேலே தண்டின் தடிமன், பையின் அளவு மூன்றும் எழுதினால்தான் ஒன்றரை அடிக் குச்சியை நட்டு ஆறடிக் கன்றுக்குப் பில் போட முடியாமல் போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு

காங்கேயம் பக்கத்து 40 ஏக்கர் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரை 1,200 மீட்டர், வரத்து வாய்க்கால் இரண்டரை கிலோமீட்டர், மண் செம்மண் சரளை, ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான்கல் (கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு). இது மாதிரிக் குளம்தான். ஆனால் இந்த அளவுகள் அந்த வட்டாரத்துக்குப் பொருந்தும்.

முதல் வேலை வாய்க்கால். 2,500 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், சராசரி 40 செ.மீ. படிவு: 2,000 கன மீட்டர். ஒரு ஆள் நாளுக்கு ஒன்றரை கன மீட்டர் என்று வைத்தால் 1,333 ஆள்நாள். இயந்திரத்தில் சில நாளில் முடியும் வேலைதான். ஆனால் திட்டத்தின் நோக்கம் கூலி கொடுப்பது என்றால் இதைக் கையால் செய்யலாம், தரமும் கூடும்: பொக்லைன் வாய்க்காலின் அடிச்சரிவைக் கெடுத்து அங்கங்கே குட்டை போட்டுவிடும், தண்ணீர் குளத்துக்கு வராமல் அந்தக் குட்டையிலேயே நிற்கும். 50 மீட்டருக்கு ஒரு லெவல் முளை அடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

தூர்வாருவதில் கவனம் தேவை. மதகுக்கு அருகே 10 ஏக்கரில் 30 செ.மீ. எடுத்தால் சுமார் 12,140 கன மீட்டர் வண்டல். இதை விவசாயிகள் இலவசமாக எடுத்துப்போகத் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரும்படி 2024-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது; ஆகவே ஏற்றுக்கூலி எஸ்டிமேட்டில் வர வேண்டியதில்லை. கரையின் உள் அடியிலிருந்து 10 மீட்டருக்குள் தோண்டக் கூடாது, கரை சரியும். குளம் முழுவதையும் தட்டையாக ஒரே ஆழத்துக்கு வெட்டக் கூடாது. முழங்கால் ஆழ ஓரம் இருந்தால்தான் நாரைக்கும் கொக்குக்கும் இரை.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரே பருவத்தில் புதராகத் தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதன் பிறகும் மண்ணில் கிடக்கும் விதை ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். கை பிடுங்கலுக்கு வருடம் 20 ஆள்நாள் வீதம் மூன்று ஆண்டுக்கு ஒதுக்கினால் 60. இந்தச் சின்னத் தொகையை விட்டுவிட்டு லட்சக்கணக்கில் பொக்லைன் வாடகை கொடுத்தால், மூன்றாம் ஆண்டில் குளம் பழையபடி முள்காடுதான்.

கரையின் உள்சரிவில் வெட்டிவேர் இரண்டு வரிசை: ஒன்று முழுக் கொள்ளளவு மட்டத்தில், இன்னொன்று அதற்கு அரை மீட்டர் மேலே. நாற்றுக்கு நாற்று 15 செ.மீ. விட்டால் வரிசைக்கு 8,000, மொத்தம் 16,000. இடைவெளி நிரப்ப 10 விழுக்காடு சேர்த்து 17,600. ஆளுக்கு நாளைக்கு 200 நாற்று, 88 ஆள்நாள். இதை ஆடி, ஆவணியில் நட்டுக் கைத்தண்ணீர் விட வேண்டும். ஐப்பசி மழைக்குக் குளம் நிறையும்போது வேர் பிடிக்காத நாற்று மூழ்கினால் அழுகிவிடும். வெளிச்சரிவின் அடியில் 3 மீட்டருக்கு ஒரு பனை, 400 இடம், இடத்துக்கு இரண்டு கொட்டை, 10 ஆள்நாள். கரை மகுடத்தில் பெரிய மரம் வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கிய பொந்து வழியாகக் கரை கசியும்.

மரக்கன்று 600. நீர் ஓரத்தில் நாட்டுக் கருவேலம், நீர்மருது, நாவல். மேட்டில் வெள்வேல், ஊஞ்சை, வேம்பு, இலுப்பை. குழி 60 செ.மீ. கனசதுரம் என்றால் ஆளுக்கு நாளைக்கு எட்டுக் குழி, 75 ஆள்நாள். சுக்கான்கல் வந்தால் கடப்பாரைதான், கூலி இரட்டிப்பாகும். அந்த அடுக்கைப் பிளக்காமல் நட்டால் வேர் பக்கவாட்டில் சுருண்டு, நான்காம் ஆண்டுக் காற்றில் மரம் சாயும். சுற்றுவேலிக்குக் கம்பியும் கல்தூணும் தேவையில்லை. கொங்கு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் தலைமுறையாக நிற்கும் முள்கிளுவை போதும். இலை உதிர்ந்த நேரத்தில் வெட்டிய போத்துகளை நெருக்கி நட்டால் ஆடு நுழையாத வேலி வளரும். கொழுக்கட்டைப் புல், வெள்வேல், கிளுவை வேலி மூன்றும் சேர்ந்த கொறங்காடு இந்த வறண்ட மண்ணுக்கு ஏற்ற ஆகச் சிறந்த நிலவடிவமைப்பு. காங்கேயம் மாடு மேய்ந்த அந்த நிலத்தைப் படிக்காமல் வெளியூர்ப் புல்தரையை இங்கே விரிப்பது வருத்தமான விஷயம்.

இனி தண்ணீர். கன்றுக்கு 20 லிட்டர், 600 கன்றுக்கு 12,000 லிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரி. தை முடிந்து வைகாசி வரை 17 வாரம். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, 34 நடை. இரண்டாம் கோடையில் வாரம் ஒன்று, 17. மூன்றாம் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 8. மொத்தம் 59 நடை. காவலுக்கும் பராமரிப்புக்கும் இருவர், ஆண்டுக்கு 300 நாள், மூன்று ஆண்டு: 1,800 ஆள்நாள்.

கூட்டிப் பார்த்தால் 3,366 ஆள்நாள். இதில் காவல், பராமரிப்பு, முள் பிடுங்கல் மூன்றும் 1,860, பாதிக்கு மேல். வழக்கமான எஸ்டிமேட்டில் முழுக்க விடுபடும் பகுதி இதுதான். கரையடி ஊரிலேயே இருவருக்கு மூன்று ஆண்டு நிலையான வேலை என்பது வேலைவாய்ப்புத் திட்டத்தின் நோக்கத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அதே கரையில் 3 மீட்டர் அகலத்துக்குப் பேவர் போட்டால் 3,600 சதுர மீட்டர். செலவின் பெரும்பகுதி கல்லுக்கும் சிமென்டுக்கும் ஊரை விட்டு வெளியே போகும். பல்லடம், பொள்ளாச்சிப் பக்கக் கரிசல் கரை என்றால் இன்னொரு சிக்கல்: மண் ஊதிச் சுருங்கி, ஓரிரு பருவத்திலேயே பேவர் அலை அலையாகிவிடும். ஒன்றரை மீட்டர் கிராவல் பாதை போதும்; உடைந்தால் ஊர்க்காரர்களே இரண்டு வண்டி சரளை போட்டுச் சரிசெய்யலாம்.

பணம் கொடுக்கும் முறையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நட்டு முடித்ததும் 40 விழுக்காடு. முதல் கோடை தாண்டி 90 விழுக்காடு கன்று உயிரோடிருந்தால் 25. இரண்டாம் கோடைக்குப் பின் 20. மூன்றாம் கோடை முடிவில் எண்ணிப் பார்த்து மீதி 15. வழக்கமான ஓராண்டுக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் கான்கிரீட்டுக்குச் சரி, மரத்துக்குப் பொருந்தாது.

எந்தக் கதவை, எப்போது தட்டுவது

முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கோவை நகரக் குளங்கள் மாநகராட்சியிடம் நீண்டகாலக் குத்தகையில் உள்ளன. கரை ஒருவரிடம், வாய்க்கால் இன்னொருவரிடம், நீர்ப்பிடிப்பு ஓரம் வருவாய்த் துறையிடம் என்று பிரிந்திருப்பது சாதாரணம். தடையின்மைச் சான்று மூன்றும் இல்லாமல் போகும் கோப்பு அறுவடை முடிந்தும் திரும்பாது. புலப்படம், அ-பதிவேடு நகல் இரண்டையும் மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

கிராமத்தில் தீர்மானம் போடக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபையும் வார்டு குழுவும் உண்டு. மாநில பட்ஜெட்டுக்குப் பின் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் வாசிக்கப்படும் அறிவிப்புகளே அந்த ஆண்டின் புதிய வேலைகள். அவற்றுக்கான பட்டியல் துறைத் தலைமைக்கு மாதங்களுக்கு முன்பே போய்விடும். மார்ச்சில் மனு கொடுப்பவர் அடுத்த ஆண்டுக்குத்தான் கொடுக்கிறார். கார்த்திகையிலேயே செயற்பொறியாளரைப் பார்த்துவிட வேண்டும். கையில் கணினிப் படத்தைவிட நான்கு பக்கத் தாள் மேல்: நில விவரம், லெவல், ஐட்டம் வாரியான டேட்டா, ஆள்நாள் கணக்கு. பொறியாளருக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கும் தாளைத்தான் அவர் மேலே அனுப்புவார்.

சட்ட நிலையையும் நேராகப் புரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டம் பாதுகாப்பது பட்டப்பெயரை. தொழிலைச் செய்யும் தனி உரிமையைத் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. நிலவடிவமைப்புக்கு அச்சட்டத்தில் தனிப் பதிவும் இல்லை. ஆனால் தேசியக் கட்டட நெறிமுறை 2016-ன் பத்தாம் பகுதியில் முதல் பிரிவு நிலவடிவமைப்புக்கே உரியது. டெண்டரின் தகுதிப் பத்தியில் அதைச் சுட்டி, ‘இத்தனை ஏக்கருக்கு மேற்பட்ட நீர்நிலைப் பணிக்குத் தகுதிபெற்ற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் குழுவில் இருக்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. 2003-ல் தொடங்கிய இந்திய நிலவடிவமைப்பாளர் சங்கத்தின் வழியாகக் கேட்டால் தனிநபர் லாபக் கோரிக்கையாகத் தெரியாது. கூடவே, சிறிய அலுவலகங்கள் கூட்டாகச் சேர்ந்து டெண்டர் போட அனுமதி கேளுங்கள்.

கட்டணத்தில் ஒரு நுணுக்கம்: அரசியலமைப்பின் 12-வது அட்டவணை நகர்ப்புறக் காடு வளர்ப்பையும் பூங்காவையும் உள்ளாட்சிப் பணியாகச் சொல்கிறது. அந்தப் பணிகளுக்காக உள்ளாட்சிக்குத் தரும் பொருள் கலவாத ஆலோசனைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. செடியும் மண்ணும் சேர்த்து ஒப்பந்தம் எடுத்து, பொருளின் மதிப்பு மொத்தத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டினால் இல்லை. விலைப்புள்ளி கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குளம் தவிர இன்னொரு வாய்ப்பு பொது ஒதுக்கீட்டு இடங்கள். 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 விழுக்காட்டை ஒதுக்கித்தான் ஆக வேண்டும், பணமாகக் கட்டித் தப்ப முடியாது. அப்படி உள்ளாட்சிக்குத் தானமாக வந்த இடங்கள் சரவணம்பட்டி முதல் அவிநாசி வரை எத்தனையோ வெறும் பலகையோடு கிடக்கின்றன. குடியிருப்போர் சங்கம் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் நமக்கு நாமே திட்டத்தில் மீதி அரசு தரும். சிறிய தொகைதான், ஆனால் டெண்டருக்குக் காட்ட முடிக்கப்பட்ட அரசுப் பணி அனுபவம் கிடைக்கும்.

கடைசியாகப் பருவம். பணி ஆணை எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே எஸ்டிமேட்டை மாத வாரியாக இரண்டு பாகமாகப் பிரித்துவையுங்கள். வாய்க்கால், மண் வேலை, குழி எடுப்பு எல்லாம் மாசி முதல் ஆனி வரை எப்போதும் செய்யலாம். வெட்டிவேர் ஆடி, ஆவணியில், பனங்கொட்டை ஆவணி, புரட்டாசியில், கன்று புரட்டாசி கடைசியில். ஆணை கார்த்திகைக்குப் பின் வந்தால் நடவுப் பாகத்தை அடுத்த ஆடிக்கு ஒத்திவைக்கும் விதியை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். நிதியாண்டு முடிகிறது என்பதற்காகப் பங்குனியில் 600 கன்றை வெயிலில் நட யாரும் நெருக்க முடியாது.